முஷ்டி மடக்கியபோது தெரிந்தது

இன்று காலை ஒரு பெண் உளுந்துக் கட்டோடு வந்து என் ஸ்கேன் அறையில் உட்கார்ந்தாள். உளுந்து மாவையும் முட்டை வெள்ளையையும் குழைத்துத் துணியில் தடவி, மூங்கில் பத்தை வைத்து மணிக்கட்டைச் சுற்றி இறுக்கியிருந்தார்கள். கத்தரியால் வெட்டித் திறந்ததும் நாற்றம் அறை முழுக்கப் பரவியது. புளித்த மாவு, கெட்ட முட்டை, அடைபட்ட வியர்வை எல்லாம் கலந்த நாற்றம். உதவிக்கு இருக்கும் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்கப் போனாள். வேண்டாம், கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மற்றவர்களுக்கு இறந்துபோன சிநேகிதியின் ஞாபகம் பூ வாசத்தில் வரும், ஏதோ ஒரு பாட்டில் வரும். நீ எனக்கு விட்டுவிட்டுப் போனது இந்த நாற்றத்தைத்தான்.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நீ இருந்திருந்தால் இந்நேரம் ஒரு சண்டை போட்டு முடித்திருப்பேன். நீயும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி, பிறகு டீ கேட்டிருப்பாய். இப்போது சண்டை போட ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். செத்தவர்களை நல்லவர்களாக்கி எழுதும் பழக்கம் எனக்கு வராது, அது உனக்கே தெரியும்.

பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்சு. என் உயிரியல் ரெக்கார்டு நோட்டில் இருந்த படங்களெல்லாம் நீ வரைந்தவை. எனக்குக் கோடு நேராக வராது, வட்டம் வட்டமாக வராது. தவளையின் இதயத்தை நான் வரைந்தால் அது மாங்காய் மாதிரி இருக்கிறதென்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். டீச்சர் ஒருநாள் என் நோட்டைத் தூக்கி வகுப்புக்கே காட்டி, இப்படித்தான் வரையணும் என்றபோது, நீ பெஞ்சுக்குக் கீழே என் காலை நன்றாக மிதித்தாய். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நான் மதுரைக்கும் நீ மலைக்குமாகப் போனோம். நான் டாக்டராகிப் போடிக்கே திரும்பி வந்து ஸ்கேன் சென்டர் வைத்தபோது உனக்குக் கல்யாணமாகி, மகள் பிறந்து, கணவருக்கு நெஞ்சுச் சளி முற்றி, அவர் வீட்டோடு ஆகியிருந்தார். விடியற்காலையில் கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் நீயும் போவாய். நான் நடைக்குப் போகும் நாட்களில் ஜீப்புக்குள்ளிருந்து ஒரு குரல் வரும்: "நடந்து நடந்து ஒடம்பக் கொறைக்கிறாளாம் டாக்டரம்மா. என்கூட ஒரு நா காயெடுக்க வா புள்ள, தன்னால கொறையும்." ஜீப்பே சிரிக்கும். நான் முறைப்பேன்.

அந்த வேலையை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், நீ வற்புறுத்திக் கூட்டிப்போன அன்று. ஏலச்செடி ஆளைவிட உயரமாக நிற்கிறது, காயோ காலடியில் கிடக்கிறது. தூரைச் சுற்றித் தரையோடு ஓடும் சரங்களில் விளைந்த காயை மட்டும் பார்த்துக் கிள்ளி எடுக்க வேண்டும், பிஞ்சில் நகம் பட்டுவிடக் கூடாது. சரிவில் குந்தியபடியே செடிக்குச் செடி நகர்ந்துகொண்டே இருந்தாய். பாதம் வழுக்கும் ஈர இலைச்சருகு. உன் மணிக்கட்டு ஒரு நொடி ஓயவில்லை. எனக்கு அரை மணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போனது.

நீ என் சென்டருக்கு வந்தது மழைக்காலத்தில். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் வயிற்றுப் பிள்ளைக்காரிகள். நடுவில் நீ, கையில் அந்த உளுந்துக் கட்டோடு. நம் ஊரில் ஸ்கேன் என்றால் வயிற்றுக்குத்தான் என்று நினைப்பு. பக்கத்தில் இருந்த ஒருத்தி உன்னைக் கேட்டிருக்கிறாள், எத்தனையாவது மாதம் என்று. உள்ளே வந்ததும் வராததுமாக நீ சொன்னாய், "இந்த வயசுல என்னைய மாசமா இருக்கியான்னு கேக்க வச்சுட்டியே புள்ள."

காயெடுத்துவிட்டு எழுந்திருக்கும்போது வழுக்கி, கையை ஊன்றியிருக்கிறாய். விழுந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். "எலும்பு முறியலன்னு சொல்லிட்டாக. பெறகு என்னடா வலின்னு நானும் வைத்தியர்ட்டப் போயி கட்டுப் போட்டேன். முறியாத கைக்குக் கட்டு எதுக்குன்னு எங்க கங்காணி கேக்குறான்."

நம் ஊரில் கைக்கு இரண்டே நிலைதான். ஒன்று முறிந்த கை, இன்னொன்று முறியாத கை. முறிந்திருந்தால் பாவம் என்பார்கள், கஞ்சி கொண்டுவந்து கொடுப்பார்கள். முறியவில்லை என்று படத்தில் தெரிந்துவிட்டால் அந்தக் கை மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும்தான் தெரியும், எலும்பையும் எலும்பையும் சேர்த்துப் பிடிக்கும் ஜவ்வு தெரியாது என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். சொன்னால் தலையாட்டுகிறார்கள். பிறகு, அப்போ முறியலதானேம்மா என்று கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கட்டை வெட்டிவிட்டு, கையைத் துடைத்து, ஜெல்லைத் தடவினேன். சில்லென்றிருக்கிறது என்று கையை இழுத்துக்கொண்டாய். முதலில் நல்ல கையைப் பார்த்தேன், உன் கைக்கு எது சரியான அளவு என்று தெரிய வேண்டுமே. பிறகு அடிபட்ட வலது கை. மணிக்கட்டின் முதுகுப் பக்கம், நடுவில், படகு போல ஓர் எலும்பும் பிறை போல ஓர் எலும்பும் அடுத்தடுத்து இருக்கும். திரையில் இரண்டும் வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டது போலத் தெரியும், கோட்டுக்குப் பின்னால் இருட்டு. இரண்டுக்கும் நடுவே ஜவ்வு, வெளிறிய நார்ப் பாலம் போல. கை சும்மா கிடக்கும்போது உன் ஜவ்வு கொஞ்சம் மங்கலாக இருந்தது, அவ்வளவுதான். கவனிக்காதவர்கள் வீக்கம் என்று விட்டுவிடுவார்கள்.

"முஷ்டியை மடக்கு" என்றேன். மடக்கினாய். "இறுக்கி மடக்கு" என்றேன். இறுக்கியிருக்கேன் என்றாய். விரல் நகம் உள்ளங்கையில் படவே இல்லை, பூவைப் பொத்திக்கொள்வது போலப் பொத்தியிருந்தாய். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. வலியை மறைக்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் மடக்குவார்கள். என் விரல் இரண்டை உன் கைக்குள் கொடுத்து, பள்ளிக்கூடத்தில் கிள்ளுவாயே அந்த வேகத்தில் அமுக்கு என்றேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாய். திரையில் அந்த இரண்டு எலும்பும் கண் முன்னால் விலகின. நடுவே கறுப்பாக ஒரு வாய் திறந்தது. பாலம் இல்லை. நீ கையைத் தளர்த்தியதும் எலும்புகள் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி சேர்ந்துகொண்டன. இன்னொரு முறை அமுக்கச் சொன்னேன், சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அந்த வாய் திறந்தது.

நீயும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். "என்ன புள்ள அது, கேட்டுக் கதவு மாதிரி தெறந்து தெறந்து மூடுது" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் உன் முகம் மாறிவிட்டது.

ஜவ்வு அறுந்திருக்கிறது என்றேன். மதுரையில் கைக்கென்றே ஆபரேஷன் செய்கிறவர் இருக்கிறார், அங்கே இன்னொரு பெரிய ஸ்கேன் எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டு தைப்பார்கள், கம்பி வைப்பார்கள், சில மாதம் அந்தக் கையால் ஒரு சோலியும் பார்க்கக் கூடாது என்றேன். நாள் ஆக ஆக ஜவ்வின் நுனிகள் சுருங்கிவிடும், பிறகு தைக்க எதுவும் கிடைக்காது, எலும்பு எலும்போடு உரசித் தேயும், பிடிமானம் போகும் என்றும் சொன்னேன். பிடிமானம் போகும் என்று அழுத்தித்தான் சொன்னேன். எந்த நேரத்தில் எந்தப் பொருள் கையை விட்டு நழுவும் என்று சொல்ல முடியாது என்றேன்.

நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எடுப்பு முடியட்டும்" என்றாய். அதாவது காயெடுப்பு முடியும் தை, மாசி வரைக்கும். நான் கத்தினேன். நீ கதவைப் பார்த்து, மெதுவாப் பேசு, வெளியே பிள்ளைக்காரிக இருக்காக என்றாய். ஆகிற செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றதற்கு, "ஆசுபத்திரிச் செலவ நீ பாத்துக்குவ. அந்த மனுசன யாரு பாக்குறது, பிள்ள படிப்பு முடியுற மட்டும் அடுப்ப யாரு எரிக்கிறது? எடுப்பு நடக்கையில எடத்த விட்டா அடுத்தவ வந்து உக்காந்துக்கிருவா. பெறகு ஜீப்புல ஏத்த மாட்டாக" என்றாய். கடைசியில்தான் வந்த காரியத்தைச் சொன்னாய். கங்காணி, டாக்டரிடம் எழுதி வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். கை சரியாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் மேலே கூட்டிப்போவாராம்.

"ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடு. ஒரே ஒரு வரி. ஒனக்கு நான் எத்தன படம் வரஞ்சு குடுத்திருக்கேன்."

அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. நீ விளையாட்டாகத்தான் சொன்னாய் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. பார்த்ததை அப்படியே எழுதினேன். ஜவ்வு முழுதாக அறுந்திருக்கிறது, முஷ்டி மடக்கினால் எலும்பு விலகுகிறது, கைக்கு முழு ஓய்வு வேண்டும். நீ அதைப் பிடுங்கிக்கொண்டு, "படிச்ச திமிரு" என்று சொல்லிவிட்டுப் போனாய். வெளியே இருந்தவர்களிடம் சிரித்துப் பேசுவது எனக்குக் கேட்டது. கை நல்லாயிருக்காம் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாய்.

அந்தக் காகிதத்தை நீ கிழித்துப் போட்டிருப்பாய் என்று நினைத்தேன். நீ கிழிக்கவில்லை. இங்கிலீஷில் இருப்பதால் கங்காணிக்குப் புரியாது, என் முத்திரையைப் பார்த்ததும் விட்டுவிடுவார் என்று நினைத்திருக்கிறாய். அவர் அதை மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாள் கழித்து வேறொரு பெண்ணை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு அவரே என்னிடம் வந்தார். நரைத்த மீசை, நிதானமான பேச்சு. "தப்பா நெனைக்காதீகம்மா. நீங்க எழுதுனதப் பாத்துத்தான் அந்தப் பிள்ளைய நிப்பாட்டுனேன். அந்தக் கையோட மேல கூட்டிட்டுப் போயி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா, அது மகளுக்கு நான் என்ன பதில் சொல்ல?" அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவரைத் திட்டலாம் என்று காத்திருந்த எனக்கு அதுவே பெரிய எரிச்சலாக இருந்தது.

மதுரை டாக்டரிடம் பேசி உனக்கு நாள் வாங்கினேன். உன் போன் அடித்துக்கொண்டே இருந்தது, நீ எடுக்கவில்லை. ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உன்னைப் பார்த்தேன். கையில் கட்டு இல்லை. முழுக்கை வைத்த ஆண்பிள்ளைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டு, மணிக்கட்டை மறைத்திருந்தாய். என்னைப் பார்த்துவிட்டு, பழக்கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய். நான் அங்கேயே நின்றேன். நீ வெளியே வருவதாக இல்லை. எனக்கும் வீம்பு, போய்விட்டேன். வேறொரு கங்காணியின் ஜீப்பில், முன்னைவிடத் தூரத்து எஸ்டேட்டுக்கு நீ போய்க்கொண்டிருக்கிறாய் என்று பிறகுதான் தெரிந்தது. அங்கே உன் கையைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது.

நீ விழுந்த செய்தி வந்தபோது நான் ஒரு பெண்ணுக்கு வயிற்று ஸ்கேன் பார்த்துக்கொண்டிருந்தேன். மலைக்குப் போகிற வழியில், ஒரு வளைவில், ஜீப்பிலிருந்து விழுந்துவிட்டாய், பின்னால் வந்த வண்டி நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உதவிக்கு இருக்கும் பெண் என் காதோடு வந்து சொன்னாள். நான் வயிற்றிலிருந்து ஸ்கேன் கருவியின் முனையை எடுக்கவில்லை. குழந்தையின் தலையை அளந்தேன், தொடை எலும்பை அளந்தேன், நல்லாயிருக்கும்மா என்றேன். அவள் வெளியே போன பிறகுதான் மிஷினை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பிணவறையில் டாக்டர் என்பதால் என்னை உள்ளே விட்டார்கள். உன் முகத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. அந்த வலது மணிக்கட்டு மட்டும் எந்தக் காயமும் இல்லாமல் இருந்தது. நான் அதைத் தொட்டு, நடுவில் இருந்த பள்ளத்தைத் தடவிப் பார்த்தேன். வெளியே உன் மகள் என்னைக் கட்டிக்கொண்டு, "கையில ஒண்ணும் இல்லன்னு நீங்க சொன்னதாத்தான், சித்தி, அம்மா சொன்னாக" என்று அழுதாள். நான் அவளிடம் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. அந்தப் பொய்யை நீ என் பெயரில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். அதையும் சேர்த்துத்தான் கோபம்.

இவ்வளவையும் நான் ஒரு மாதிரி ஆற்றிக்கொண்டுவிட்டேன். நான் எழுதியது உண்மை, கங்காணி செய்தது சரி, நீ பிடிவாதக்காரி, ஜீப்பில் கூட்டம். அப்படியே விட்டிருக்கலாம். போன மாதம் பித்தப்பைக் கல்லுக்கு ஸ்கேன் எடுக்க ஒரு பெண் வந்தாள். சின்னப் பெண், அந்தப் புது ஜீப்பில் உன் பக்கத்தில் உட்கார்ந்து போனவளாம். படுத்தபடியே கேட்டாள், அந்த அக்கா உங்ககூடப் படிச்சவகளா டாக்டரம்மா என்று.

புது ஆளுக்கு ஜீப்பில் கடைசி இடம்தான் என்பது அங்கே வழக்கமாம். பின்கதவு இருக்கும் இடத்தில் ஓரமாக உட்கார்ந்து, காலைப் படியில் வைத்து, மேலே உள்ள கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உனக்கு அடுத்து இவள். உனக்குக் கையில் ஏதோ இருக்கிறது என்று இவள் மட்டும் கண்டுபிடித்திருக்கிறாள். பள்ளம் வரும்போதெல்லாம் உன் முகம் சுருங்குமாம்.

"எடது கையில பிடிங்கக்கான்னு எத்தனவாட்டி சொல்லிருப்பேன். 'சும்மா இரு புள்ள, அந்தக் கங்காணி முன்னால ஒக்காந்து கண்ணாடியில பாத்துக்கிட்டே வர்றான். வலது கைக்கு என்னாச்சுன்னு கேப்பான்'னு சொல்லுவாக. அன்னைக்கும் அந்தக் கையிலதான் பிடிச்சிருந்தாக. வளைவுல ஒரு குலுக்கு. அவுக விடல டாக்டரம்மா, நான் பாத்தேன். கைதான் விட்டுருச்சு."

இடது கை எங்கே இருந்தது என்று கேட்டேன். மடியில் சும்மாதான் இருந்தது என்றாள்.

அவளுக்குக் கல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. திரையில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. நல்ல கை ஒன்று சும்மா கிடக்க, அறுந்த கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் தெரிகிற ஒரு ஆளுக்காகச் சிரித்தபடி மலையேறியிருக்கிறாய். என் ஒரு காகிதத்துக்கு நீ ஒவ்வொரு நாளும் எழுதிய பதில் அது. எனக்கு அழுகை வந்தது. நான் அழுதேன் என்பதை உனக்குச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் திமிர் என்பாய்.

இன்று வந்த உளுந்துக் கட்டுக்காரிக்கு ஜவ்வு முழுதாக இருந்தது, வெறும் சுளுக்கு. எல்லாருக்கும் அப்படி இருப்பதில்லை. மலையிலிருந்து வருகிற மணிக்கட்டுகளில் அந்தக் கறுப்பு வாய் திறப்பதை அவ்வப்போது பார்க்கிறேன். இப்போதும் பார்த்ததைத்தான் எழுதுகிறேன், வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது. ஆனால் எழுதிய காகிதத்தை நீட்டும்போது அவர்கள் எல்லாரும் அடிபட்ட கையைத்தான் நீட்டுகிறார்கள், வலியை முகத்தில் காட்டாமல், ஒரு சிரிப்போடு. நான் காகிதத்தை விடுவதில்லை. அந்தக் கையை நீட்டு என்று அடிபடாத கையைக் காட்டுகிறேன். "எடது கையில எப்படிம்மா வாங்குறது" என்று கூசுகிறார்கள். ஒன்றும் ஆகாது, வாங்கு என்று அதட்டுகிறேன். வாங்கும் வரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டே நிற்கிறேன்.